அரை விநாடி தூரம்

லூயிஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஈப்போ நகரில் கடைகளுக்குக் கேமரா மாட்டுவதும் கணினிக்கு லைன் இழுப்பதும் அவர் வேலை. ஏணியையும் கேபிள் சுருளையும் வேனில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர்களான செமோருக்கும் கோப்பெங்குக்கும் அலைவார். கூரைக்குள் தலையை விட்டால், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், சொந்த மனைவியின் குரலை ஒழுங்காகக் கேட்க முடியாமல் ஏழு மாதம் தவித்தார்.

மனைவி ஜானிஸ் தாதி. இருபத்தெட்டு வயதிலேயே அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. அந்த நேரம் பார்த்து, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த லூயிஸின் அப்பா வாதம் வந்து படுத்துவிட்டார். வேலைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பதினாறு வருஷம் மாமனாரைப் பார்த்துக்கொண்டாள் ஜானிஸ். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பெரியவர் கண்மூடி வெகுநாள் கழித்து, அயர்லாந்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி அனுப்பிய படங்களை அவள் திரும்பத் திரும்பப் பார்ப்பதை லூயிஸ் கவனித்தார். மறுவாரம் அவரே விண்ணப்பத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ரெண்டு வருஷம்தானே, போய்ட்டு வா என்றார். அவளுக்கு அப்போது ஐம்பது வயது.

பிள்ளைகள் இல்லை. பழைய தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், சுண்ணாம்பு மலையை ஒட்டினாற்போல அவர்கள் வீடு. பத்து காஜா ஊரின் தேவாலயப் பாடகர் குழுவில்தான் இருவருக்கும் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து மாலை ஆறு மணி ஜெபத்தின் முடிவில் இரண்டு குரலில் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அவள் மேல் குரல், அவர் கீழ்க் குரல். தூரம் போனாலும் அதை விடக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். இங்கே மாலை ஆறு என்றால் அங்கே காலை பதினொன்று. வேலை இல்லாத நாட்களில் அவளால் பேச முடியும்.

ஆனால் பேச்சு துண்டு துண்டாக வந்தது. பாதிச் சொல் வரும், மீதி எங்கோ போய்விடும். ஒரு நாள் அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் காதில் விழுந்தது "சரி" என்ற ஒரு சொல்தான். சரி லா என்று சிரித்துவிட்டார். அரை மணி கழித்துச் செய்தி வந்தது: தான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி தன் கையைப் பிடித்தபடியே இறந்துபோனதாகவும், மனசு சரியில்லை என்றுதான் சொன்னதாகவும். லூயிஸ் அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினார். வைஃபையை நம்பாமல், ரவுட்டரிலிருந்து நேராகக் கணினிக்குக் கேபிள் இழுத்தார். வாசலில் தானே மாட்டிய நான்கு கேமராக்களும் ஓயாமல் படத்தை வெளியே அனுப்பி லைனை அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆறு மணிக்கு அவற்றை அணைத்தார். பேச்சுக்கு முதலில் வழி விடும்படி ரவுட்டரை மாற்றினார். ஜானிஸுக்கும் ஒரு கேபிளைத் தபாலில் அனுப்பி, அவள் தங்கியிருந்த விடுதியில் அலமாரிக்குப் பின்னால் இருந்த இணையத் துளையில் அதைச் செருக வைத்தார். குரலில் விழும் ஓட்டைகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை.

கூட வேலை செய்யும் சுரேன்தான் பஃபர் என்ற காத்திருப்பைப் பற்றிச் சொன்னார். குரல் சின்னச் சின்னத் துண்டாகத்தான் போகிறது. புறப்படும்போது வரிசையாகப் போகும், வரும்போது சில துண்டு பிந்தி வரும். பிந்தியதற்குக் காத்திருக்காவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழும். காத்திருந்தால் குரல் முழுசாக வரும், ஆனால் தாமதமாக வரும். காத்திருக்கும் நேரத்தை நாமே வைத்துக்கொள்ளும்படியான ஒரு மென்பொருளைத் தேடி, இரண்டு பக்கமும் போட்டார் லூயிஸ். நேரத்தைக் கூட்டினார்.

அன்றைக்குக் குரல் முழுசாக வந்தது. கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. பேச வாயெடுப்பதற்கு முன் ஜானிஸ் இழுக்கும் அந்தச் சின்ன மூச்சுகூடக் கேட்டது. ஏழு மாதமாக அதைக் கேட்கவில்லை என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆனால் பாட்டு வரவில்லை. அவர் குரல் அவளுக்கு அரை விநாடி பிந்திப் போனது, அவள் குரல் அவருக்கு இன்னும் பிந்தி வந்தது. அவருக்காக அவள் நிற்க, அவளுக்காக அவர் நிற்க, பாட்டு இழுத்து இழுத்துக் கடைசியில் நின்றே போனது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் மறுபடியும் ஓட்டை. அறவே எடுத்துவிட்டாலும் கடலடிக் கம்பியில் போய்ச் சேர ஒரு நேரம் ஆகத்தான் செய்யும். அதை எந்தக் கேபிளாலும் குறைக்க முடியாது. மூன்று வாரம் இருவரும் வெறுமனே பேசிவிட்டு வைத்தார்கள்.

நான்காவது வாரம் லூயிஸ் ஒரு யோசனை சொன்னார். "உன் சத்தத்த நான் அடைச்சிட்டுப் பாடுறேன். உனக்கு என் குரல் கேக்குறப்ப கூடவே நீ பாடு. அங்க ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒன்னும் கேக்காது. நீ பாடுறேன்னு தெரியும் லா. அது போதும்."

சத்தத்தை அடைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கீழ்க் குரலை மட்டும் பாடினார். அவள் வழக்கமாக நீட்டும் இடத்தில் அவரும் நீட்டினார், அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நின்றார். முடித்துச் சத்தத்தைத் திறந்தபோது மூக்கு உறிஞ்சும் ஓசைதான் வந்தது.

"பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு," என்றாள் ஜானிஸ்.

அடுத்த முறை அவள் முந்திக்கொண்டாள்: இன்று நான் அடைத்துக்கொள்கிறேன், நீங்கள் கேளுங்கள். அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை தன் பக்கத்தில் இரண்டு குரலையும் பதிவு செய்து அனுப்பினாள். செமோரில் ஒரு கடை வாசலில் வேனை நிறுத்திவிட்டு ஒரே ஒரு முறை கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது போன வாரத்துப் பாட்டு. மறுபடி அதைத் திறக்கவில்லை.

மார்ச்சில் மூன்று வார விடுமுறையில் ஜானிஸ் வந்தாள். முதல் நாள் மாலை, ஜெபம் முடிந்து ஹாலில் தோளோடு தோள் நின்று பாடினார்கள். லூயிஸ் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை பாடி முடித்தார். முழங்கையை அவள் தொட்டபோதுதான் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவது வரியிலயே நான் நிறுத்திட்டேன். உங்களுக்குத் தெரியவே இல்ல."

அவர் முகம் சுருங்கிப் போனது. கேட்காமல் பாடிப் பாடி, பக்கத்தில் இருக்கும் குரலைக் கேட்கக் காது மறந்திருந்தது. அவளுக்கும் கொஞ்சம் அப்படித்தான். அது சரியாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பாட்டு பழையபடி கூடி வந்த அன்று, புறப்பட ஒன்பது நாள்தான் இருந்தது.

பேசி வைத்த ரெண்டு வருஷம் போக, இன்னும் ஒரு வருஷத்துக்கு அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் அதைச் சொன்னாள். முன்பே சொல்ல மனசு வரவில்லை என்றாள். லூயிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தலையை ஆட்டினார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தாப்பா ஊர் தாண்டும் வரை விடாமல் பிடித்திருந்தார்.