கால்சியப் போத்தலும் அக்காவின்ர முழங்காலும்

எங்கட சனத்துக்கு முழங்கால் நோவெண்டால் கால்சியம் குறைஞ்சுபோச்சு. இடுப்பு நோவெண்டாலும் அதுதான். வெள்ளவத்தை மச்சாள் கனடாவுக்குப் போயிட்டு வரேக்க சொக்லேட்டுக்குப் பதிலா கால்சியக் குளிசைப் போத்தலொண்டு கொண்டுவந்தா. அக்கா அதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில வைச்சா. வைக்கிற இடத்தைப் பாருங்கோ.

நானும் அக்காவும் கலியாணம் கட்டாத ஆக்கள். கொட்டாஞ்சேனையில, லிப்ட் இல்லாத மூண்டாம் மாடியில இருக்கிறம். முழங்கால் போனால் அக்காவுக்குப் பூசையும் இல்லை, சந்தையும் இல்லை, நாலு சுவர்தான். டொக்டர் சொன்னது ரெண்டே ரெண்டு: உடம்பைக் குறைக்கவேணும், தொடைக்குப் பயிற்சி செய்யவேணும். அது ரெண்டும் கஷ்டம். குளிசை லேசு, விழுங்கினால் சரி.

நான் காலம் முழுக்க உயிரியல் படிப்பிச்சவள். பொறுக்கேல்லை. "குருத்தெலும்புக் கலத்துக்குள்ள கால்சியத்தைப் பிடிக்கிற புரதங்கள் இருக்கு. உள்ளுக்க இருக்குமட்டும் அதுகள் ஒழுங்கா வேலை பாக்கும். மூட்டுத் தேய்ஞ்சு கலம் பழுதாகினால், சிலது வெளியில வந்து வீக்கத்தைக் கூட்டும். உன்ர போத்தல் அங்க போய் என்னத்தைச் செய்யப்போகுது?" எண்டு கேட்டன். அக்கா குளிசையை விழுங்கினா. பக்கத்து வீட்டு மனிசி வாசலில நிண்டு, "மிஸ், கால்சியம் குடுத்தால்தானே அந்தப் புரதம் பிடிக்கும்?" எண்டா. இதுகளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது.

அந்த நாளில என்ர மார்பில ஒரு கட்டி கண்டு, துண்டு வெட்டிச் சோதிக்கக் குடுத்திருந்தன். றிப்போர்ட் வருமட்டும் எனக்குப் பயம். அந்தப் பயத்தை எல்லாம் எரிச்சலாக்கி அக்காவில கொட்டினன். ஏசி ஏசியே அவவைக் கதிரையில இருத்திப் பயிற்சியும் செய்விச்சன். வீக்கம் வத்தி, படியில பிடிக்காமல் இறங்கிற அளவுக்கு வந்தா. எனக்கும் ஒண்டுமில்லை எண்டு றிப்போர்ட் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போன அக்காவை ரெண்டு பேர் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தினம். வாசலில இருந்து பீடம்மட்டும் முழந்தாளில போயிருக்கிறா. நேர்த்திக்கடனாம். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

"முழங்கால் சுகமானதுக்கு முழங்காலை உடைச்சு நன்றி சொல்லுற விசர்ச்சனம் எங்கட சனம்தான்" எண்டு தொடங்கினன். கலம், புரதம், வீக்கம் எல்லாத்தையும் திரும்ப முதலில இருந்து சொன்னன். அக்கா முடியுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தா.

"முழங்காலுக்கெண்டு ஆர் நேர்ந்தது?" எண்டா. "உன்ர கட்டிக்கெல்லோ நேர்ந்தனான்."

எனக்கு வெக்கமாப் போச்சு. அவவின்ர முகத்தைப் பாக்காமல் ஐஸ் எடுக்கக் குசினிக்குள்ள போனன்.

அதுக்குப் பிறகு அக்கா படி இறங்கேல்லை. போத்தல் இப்பவும் மாதாவுக்குப் பக்கத்திலதான். அதில ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு எனக்கு நல்லாத் தெரியும். காலையில தண்ணியோட குளிசையை எடுத்துக் குடுக்கிறது நான்தான்.