ஜன்னலைச் சாத்துகிற ஊர்

போன வாரம் ஆம்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் பேச்சுப் போட்டி. நடுவராக வரச் சொல்லி அங்கே தமிழ்ப் பேராசிரியையாக இருக்கும் ஷாஹின் போன் செய்தாள். கல்லூரிக் காலத்துத் தோழி. அவளிடம் 'முடியாது' சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

தலைப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். படித்ததும் கொட்டாவி வந்தது. சமூகம் என்றால், செல்போன் வரமா சாபமா? ஆரோக்கியம் என்றால், துரித உணவின் தீமைகள். விளையாட்டு என்றால், கிரிக்கெட் மட்டும்தான் விளையாட்டா? நாங்கள் படித்தபோது செல்போன் இருக்கும் இடத்தில் டி.வி. இருந்தது. மற்றபடி எல்லாம் இதேதான். பரோட்டாவைத் திட்டிப் பேசிப் பரிசு வாங்கிவிட்டு, அதைக் கொண்டாட நேராகப் பரோட்டா கடைக்குப் போன தலைமுறை எங்களுடையது.

கடைசியாகத் தத்துவம் என்று ஒன்று. 'நம் புலன்களை நம்பலாமா?'

"இன்னா ஷாஹின் இது? இதையெல்லாம் எந்தப் பிள்ளை எடுக்கும்?"

"ஒருத்தி எடுத்திருக்கா. நீ வந்து கேளு" என்றாள். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

என்னோடு இன்னொரு நடுவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா. போட்டி விதிகளை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினார். நேரம் தாண்டினால் மார்க் குறையும். பார்வையாளர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. சரி சார் என்றேன். வேறென்ன சொல்ல?

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். செல்போனைக் கிழி கிழி என்று கிழித்த மாணவர், அடுத்த பாயிண்ட் மறந்துபோய்ப் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அரங்கமே சிரித்தது. நானும்தான்.

அப்புறம் எஸ்தர் வந்தாள்.

பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். வேதியியல் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை, அம்மாவுக்கு ஷூ கம்பெனியில். ஷாஹின் என் காதருகே குனிந்து, "முதல் வரிசையில ஓரமா உக்காந்திருக்காங்க பாரு, அவங்கதான் அம்மா. ராணி. லீவு போட்டுட்டு வந்திருக்காங்க" என்றாள். பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ எழுப்பி அனுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

எஸ்தர் அவைக்கு வணக்கம் சொன்னாள். அதோடு மேடைத் தமிழ் முடிந்தது.

"சிலிண்டர்ல இருக்கற கேஸுக்கு வாசனையே கெடையாது. லீக் ஆனா நமக்குத் தெரியணும்னு அதுல ஒரு நாத்தத்தைக் கலக்கறாங்க. கந்தகம் சேர்ந்த நாத்தம். அழுகின முட்டை மாதிரி இருக்கும். அது வந்தா நாம உஷாராயிடணும். சரி... அதே மாதிரி நாத்தம் ஒரு ஊர்ல சும்மாவே அடிச்சுதுன்னா? அந்த ஊர்க்காரங்க மூக்கு இன்னா பண்ணும்?"

அரங்கில் கசமுசா நின்றுவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டேனரிகளில் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போடுவார்கள். அதிலிருந்து கிளம்பும் நெடியும் ஏறக்குறைய இதே ரகம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தத் தெருவுக்கு அன்றைக்கு யோகம். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அதை நாற்றம் என்று சொல்வதில்லை. "காத்து திரும்பிடுச்சு" என்போம். அவ்வளவுதான். அந்தத் தோலால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. சோறு போடுவதை யாராவது நாறுகிறது என்பார்களா? எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவோம். கதவைச் சாத்துவோம். வாசலில் விளையாடும் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் கதவைச் சாத்துவோம். நான் வளர்ந்தது ஆற்காட்டில். பாலாற்றைத் தாண்டி எதிர்க்கரை டேனரிகளிலிருந்து வரும் காற்றுக்கு நாங்களும் இதைத்தான் செய்தோம்.

எஸ்தர் வீட்டிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

"போன வருஷம் ஒரு நாள், விடிஞ்சும் விடியாம அம்மா எழுந்தாங்க. கம்பெனி வேன் வர்றதுக்குள்ள சமைச்சு முடிக்கணும். நாத்தம் அடிச்சுது. அம்மாவுக்குத் தெரிஞ்சுது. தெரியாம இல்ல. 'காத்து திரும்பிடுச்சு போல'ன்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்துனாங்க. பின்கதவையும் சாத்துனாங்க. தண்ணி புடிக்கத் தெருக் குழாய்க்குப் போனாங்க. அம்மாவுக்கு வேலை கொஞ்சம் கம்மியாகட்டும்னு என் தங்கச்சி பிளெஸ்ஸி எழுந்து டீ போடப் போனா..."

நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள்.

"நாத்தம் வெளியில இருந்து வரல. எங்க வீட்டு கேஸ் டியூப்ல இருந்துதான் வந்துச்சு. நாங்க அதை உள்ள வெச்சுப் பூட்டிட்டோம்."

பிளெஸ்ஸி பிழைத்துக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து, கழுத்திலும் கையிலும் தீக்காயத் தழும்போடு வீட்டுக்கு வந்தாள். அவள் வந்த பிறகுதான் ராணியின் தண்டனை ஆரம்பமாகியிருக்கிறது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார்கள். ஒரு பொம்பளைக்கு கேஸ் வாசனை கூடவா தெரியாது? எதிர்வீட்டில் கேட்டார்கள். கம்பெனி வேனில் கேட்டார்கள். கேட்காதவர்களும் பார்வையால் கேட்டார்கள். கடைசியில் ராணியே அதைத் தன்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுப்பைப் பற்றவைக்க அவருக்குக் கை வரவில்லை. இன்றுவரை அப்பாதான் சமைக்கிறார்.

இதையெல்லாம் எஸ்தர் அழாமல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"புலன்களை நம்பலாமான்னு தலைப்பு குடுத்திருக்காங்க. எங்க அம்மா மூக்கு பொய் சொல்லல. அது சரியாத்தான் சொல்லுச்சு. இந்த நாத்தத்துக்கு இதுதான் அர்த்தம்னு ஊரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கு. அம்மா அந்த அர்த்தத்தை நம்புனாங்க. இங்க இருக்கறவங்களை ஒண்ணு கேக்கறேன். நாளைக்குக் காலையில உங்க வீட்ல அதே நாத்தம் வந்தா, யார் யார் எழுந்து ஜன்னலைச் சாத்துவீங்க? நெஜமா சொல்லுங்க. கையத் தூக்குங்க."

முதலில் பின்வரிசையில் ஒரு பெண் தூக்கினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் தூக்கினாள். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்த பிள்ளைகள்... அரங்கம் முழுக்கக் கைகள். செல்போன் மாணவர் தூக்கினார். மேடையோரம் நின்ற ஷாஹின் தூக்கினாள். நடுவர் தூக்கலாமா கூடாதா என்று விதியில் இல்லை. நானும் தூக்கினேன்.

நேரம் முடிந்துவிட்டது. மணியடிக்க வேண்டிய மாணவி மணியை எடுத்தாள். தலைமை ஆசிரியர் கையை நீட்டி அதை வாங்கி, சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"அம்மா, திரும்பிப் பாரு" என்றாள் எஸ்தர்.

ராணி திரும்பிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த அம்மா உடைந்து அழுவார், மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், எல்லாரும் கைதட்டுவோம் என்றுதான் நான் காத்திருந்தேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளின் கெட்ட புத்தி அது. குற்றவுணர்வில் வேகிற ஒருவரிடம் 'உன் தப்பு இல்லை' என்று சொல்லிவிட்டால் போதும், பாரம் இறங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கும் போய்விடுகிறோம். நிம்மதி யாருக்கு? பெரும்பாலும் சொன்னவருக்குத்தான்.

ராணி அழவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. மேடைப் படியருகே வந்து ஷாஹினிடம், "மேடம், அந்த மைக்கைக் கொஞ்சம் எனக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

ஷாஹின் கொடுத்தாள். ராணி அதை வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டதால் முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"நான்தாம்மா அவ அம்மா. இத்தினி கையைப் பாத்தா எனக்கு மனசு ஆறும்னு எம்பொண்ணு நெனச்சுக்கினு இட்டுனு வந்திருக்கா. எனக்கு ஆறல கண்ணுங்களா. பயமா இருக்குது. இத்தினி வீடா?"

மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா கேட்டுக்கங்க. நாத்தம் வந்தா சாத்தாதீங்க. தெறங்க. ஊரு நாத்தம்தானேன்னு உட்டுடாதீங்க. மூக்கைப் பொத்திக்கினு தெறங்க. சிலிண்டரை மூடிட்டு எல்லாரையும் இட்டுனு வெளியில வந்துடுங்க. லைட் சுச்சுல கை வெக்காதீங்க. டேனரி நாத்தமா இருந்தா அப்புறம் போயி சாத்திக்கலாம், ஒண்ணும் ஆயிடாது. இன்னிக்கு வீட்டுக்குப் போயி உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட இதை யாரும் சொல்லல கண்ணு."

கடைசி வாக்கியத்தில் குரல் போய்விட்டது. மைக்கை மகள் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. என் பக்கத்தில் தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடிவு? தலைமை ஆசிரியர் நேர்மையானவர். நேரம் தாண்டியதற்கும் கேள்வி கேட்டதற்கும் எஸ்தருக்கு மார்க்கைக் குறைத்தார். என்னாலும் மறுத்துப் பேச முடியவில்லை. விதி விதிதானே. முதல் பரிசு கிரிக்கெட்டைத் திட்டிய பெண்ணுக்குப் போனது. எஸ்தர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. பரிசு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, நாலைந்து மாணவிகள் ராணியைச் சுற்றி நின்றுகொண்டு ரெகுலேட்டரை எப்படி மூடுவது, டியூபை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவரிடம் எல்லாரும் கேட்ட அந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்தப் பத்தி இத்தோடு முடிந்தது. எழுந்து போய் உங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.