சாலம்மாள் வீட்டுக்குத் தண்ணீர் வந்த வழி

தருமபுரியில் எஞ்சின் பிட்டராக நான் இருபது வருஷம் வேலை பார்த்தேன். அரிசி ஆலை, கடலை மில், தோட்டத்துக் கிணறு என்று எத்தனையோ இடங்களில் ஆயில் எஞ்சின் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கப் போய் மாட்டாமலேயே திரும்பி வந்தது ஒரே ஒரு வீட்டிலிருந்துதான். வத்தல்மலைச் சாலம்மாள் வீடு அது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமையாகக்கூட இருக்கிறது.

1941ஆம் வருஷம் தை மாதம் தீர்த்தகிரி என்கிற மலைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். அவருடைய தம்பி மாதேஸ் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்துபோனவன். தடி ஊன்றி வாசல்வரை நடப்பான், அவ்வளவுதான். மாதேஸும் பெண்டாட்டி சாலம்மாளும் ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி, தங்கள் சாமைக் காட்டு மேட்டிலேயே குடிசை போட்டு இருந்தார்கள். காட்டுப்பன்றிக்குக் காவல் வேண்டும், அதனால் காட்டை விட்டு நகர முடியாது. தண்ணீரோ செங்குத்தான பள்ளத்தில் கிடந்தது. தினம் பன்னிரண்டு குடம் அந்தப் பெண் ஒருத்தியே சுமந்தாள்.

"பங்குனி மாரியாயி பண்டிகைக்குள்ள தண்ணிக்கு ஒரு வழி பண்ணுனா அங்கியே இருக்கட்டுமுங்க. இல்லீனா ரெண்டு பேரையும் ஊட்டோட கூட்டியாந்துருவேன். காட்டை நான் பாத்துக்கறேன்" என்றார் தீர்த்தகிரி. கெட்ட மனிதர் இல்லை. தம்பி பெண்டாட்டி குடத்தோடு பள்ளத்தில் உருண்டு விழுந்தால் ஊர் தன்னைத்தான் கேட்கும் என்று பயந்தார்.

நான் மலையேறிப் போன அன்று சாலம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கால் கழுவத் தண்ணீர் தருவார்கள். கழுவாமல் உள்ளே போகிற வழக்கம் இல்லை. நான் செம்பை வாங்கிக் காலில் சரிக்கப் போனேன்.

"அண்ணா, அது குடிக்கறதுக்குங்க. காலு பள்ளத்துலயே கழுவிட்டு வந்துருக்கணும்" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. வந்தவன் காலுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. தீர்த்தகிரி அதைச் சொல்லித்தான் அவளைக் குத்துவாராம், காலு கழுவத் தண்ணி இல்லாத வூடும் ஒரு வூடா என்று.

நான் பள்ளத்தில் இறங்கி அளந்தேன். ஏறி வந்து, எட்டு ஆள் தூக்கினால் எஞ்சினைக் கொண்டுவந்துவிடலாம் என்று கணீரென்று சொன்னேன். சாலம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது என்னங்க குடிக்கும்?"

"ஆயில்."

"அதை யாரு தூக்கியாருவா?"

பதிலையும் அவளே சொன்னாள். "அப்ப தண்ணி தூக்கறதுக்குப் பதிலா எண்ணெய் தூக்கணும். சரிங்க, கெட்டுப்போனா?"

"நான் வந்து பார்ப்பேன்."

"நீங்க வர்ற வரைக்கும் நாங்க எதைக் குடிக்கறது?"

மாதேஸ் சுவரில் சாய்ந்தபடி சிரித்தான். "உடுங்கண்ணா. கிணறு வெட்டி மாடு கட்டிக் கவலை இறைக்கலாமுன்னு எங்கண்ணன் சொன்னப்பவும் இப்பிடித்தான் கேட்டா. பாறைக்குக் கீழ தண்ணி இருந்தாலும், ஏறுற தண்ணியில பாதிய இழுக்கற மாடே குடிச்சிருமுன்னா."

வெளிச்சத்துக்கும் அவள் இப்படித்தான் பார்த்தாள். தீர்த்தகிரி ஓர் அரிக்கேன் விளக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அது துடைத்த கண்ணாடியோடு பரண்மேல் கிடந்தது. காட்டு வரப்பெல்லாம் கொட்டமுத்துச் செடி நட்டு, அந்த விதையை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெயில் அகல் எரித்தாள். பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து யுத்தத்தில் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் கால் கடுக்க நின்றபோது, அதே மலையேறிப் போய் ஒரு புட்டி எண்ணெய் கொடம்மா என்று பல்லைக் காட்டியதும் நான்தான். அவள் இரண்டு புட்டி கொடுத்தாள், ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

தண்ணீருக்கு அவளிடம் வேறு ஒரு யோசனை இருந்தது. குடிசைக்கு மேலே, ஓர் ஓடை தாண்டி, கால் மைல் தூரத்தில் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. விரல் தடிமன்தான் இருக்கும். அதை ஊரில் யாரும் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவள் அங்கே மர உரலையும் சாமையையும் கொண்டுபோய், ஊற்றுக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுக் குத்த உட்கார்ந்திருக்கிறாள். ஒரு படி சாமை குத்தி முடிப்பதற்குள் குடம் நிறைந்துவிட்டது.

"பள்ளத்துத் தண்ணி பக்கமுங்க, ஆனா நான் போனாத்தான் வரும். இது தூரம். ஒரு வழி காட்டிட்டா நான் தூங்குனாலும் வந்துக்கிட்டே இருக்கும்" என்றாள்.

எஞ்சின்காரன் எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? வாயை மூடிக்கொண்டு, ஒத்தாசைக்கு வருகிறேன் என்றேன். கிளம்பும்போது, ஊருக்கே போய்விட்டால் இத்தனை பாடு இல்லையே என்று கேட்டேன்.

"அங்க பதினாலு பேருக்குச் சோறாக்கிக்கிட்டு எட்டு வருஷம் இருந்தேனுங்க. அங்க நான் சின்ன மருமவ. இங்கதான் நான் சாலம்மா" என்றாள்.

அப்புறம் அவளே ஒரு தப்புச் செய்தாள். மலையில் மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டுவார்கள். வளர்பிறையில் வெட்டினால் பூச்சி துளைத்துவிடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். பண்டிகை நெருங்குகிறது என்ற பதைப்பில் அவள் தை வளர்பிறையிலேயே நாற்பது மூங்கிலை வெட்டி நிழலில் அடுக்கிவிட்டாள். மாசியில் நான் போனபோது அடுக்குக்குக் கீழே மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு மூங்கிலைத் தட்டினேன், ஊசி ஊசியாய் ஓட்டை.

இன்னொருத்தியாக இருந்தால் பூச்சியைத் திட்டியிருப்பாள், இல்லை மூங்கிலைத் திட்டியிருப்பாள். இவள் ஊருக்குப் போய்த் தீர்த்தகிரியிடமே, "அவசரப்பட்டு வளர்பிறையில வெட்டிட்டேன் பெரியமாமா, அத்தனையும் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். மூங்கிலையெல்லாம் அடுப்புக்கு உடைத்துப் போட்டாள். தேய்பிறை பிறந்ததும் மறுபடி கொடுவாளை எடுத்தாள். வெட்டியதை ஓடைக் குட்டையில் கல்லை வைத்து ஊறப்போட்டாள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது எஞ்சின் பேச்சில் அல்ல, இந்த இடத்தில்தான்.

ஊறிய மூங்கிலை மாதேஸ் உட்கார்ந்தபடியே இரண்டாகப் பிளந்து, கணுவைச் செதுக்கி வழவழப்பாக்கினான். இடுப்புத்தான் போயிற்று, கை போகவில்லை என்று அவன் வேலை சொன்னது. சாலம்மாள் கவைக் கொம்புகளை நட்டு, பிளந்த மூங்கிலை வைத்து, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடினால் சரி, நின்றால் கொம்பை இன்னும் கொஞ்சம் அடித்து இறக்குவாள். என் பையில் இருந்த ரசமட்டத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. ஓடைக்குக் குறுக்கே உயரமாகக் கவை கட்டிக் கொடுத்தது மட்டும் என் வேலை. அதற்காக நான்கு தடவை மலையேறினேன், முதலாளியிடம் நான்கு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பண்டிகை அன்று காலையில் ஊற்று வாயில் இன்னும் மூன்று மூங்கில் பாக்கி. சாலம்மாள் மேலே இருந்தாள். நானும் மாதேஸும் வாசலில், கடைசி மூங்கிலுக்குக் கீழே காலி அண்டாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தீர்த்தகிரி இரண்டு ஆட்களோடும் காவடிக் கம்போடும் வந்து சேர்ந்தார், சாமான் தூக்க.

"உள்ள வாண்ணா" என்றான் மாதேஸ்.

"காலெல்லாம் புழுதி. கழுவத் தண்ணி இருக்குதா?"

மாதேஸ் தலையைக் குனிந்துகொண்டான். தீர்த்தகிரி வாசலிலேயே நின்றார். ஆட்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டு எதை முதலில் எடுப்பது என்று கண்ணால் துழாவினார்கள்.

மூங்கிலில் முதலில் ஒரு காய்ந்த இலை வந்தது. அதன்பின் செதுக்குத்தூள். அப்புறம் பழுப்பாகத் தண்ணீர் சொட்டி, கொஞ்ச நேரத்தில் தெளிந்து, விரல் தடிமனில் அண்டாவுக்குள் விழ ஆரம்பித்தது. மாதேஸ் ஓவென்று அழுதுவிட்டான். சாலம்மாள் மேலிருந்து ஓடி வந்தாள், தண்ணீர் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது.

மூச்சு வாங்கக்கூட அவள் நிற்கவில்லை. அண்டாவில் செம்பை மொண்டு இரண்டு கையாலும் நீட்டினாள்.

"காலு கழுவுங்க பெரியமாமா."

தீர்த்தகிரி வாங்கினார். ஒரு காலுக்கு ஊற்றினார். அடுத்த காலுக்கு, அந்த வீட்டுத் தண்ணீரின் அருமை தெரிந்தவராய், செம்பைப் பாதி சாய்த்து நிறுத்திக்கொண்டார்.

"நல்லா ஊத்துங்க" என்றாள் சாலம்மாள். "இன்னொரு செம்பு தர்றேன்."