ஹெல்மெட்டோடு ஓடிய குழந்தைவேலு

2024 மே 6: 104.5 கிலோ.
மே 11: 189 ரிங்கிட்.
மே 15: 310 மீட்டர்.
மே 16: 0 மீட்டர்.
ஜூன் 3: 700 மீட்டர், ஹெல்மெட்டுடன்.
ஜூலை 19, காலை 8.50: 800 மீட்டர், ஹெல்மெட்டுடன்.
ஜூலை 19, காலை 9.15: 1,100 மீட்டர், ஹெல்மெட் இல்லாமல்.

முதல் எண் குழந்தைவேலுவின் எடை. கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில், தாதி இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லி எழுதியது. இரண்டாவது, அந்த எடையைச் சுமக்க வாங்கிய ஓட்டக் காலணியின், சப்பாத்தின், விலை. மற்றவையெல்லாம் அவர் ஓடிய தூரம். மே 16-ஆம் தேதி பூஜ்யம் விழுந்ததற்கும், ஓடுகிறவருக்கு ஹெல்மெட் எதற்கு என்பதற்கும் விளக்கம் தேவை.

குழந்தைவேலுவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பாடாங் செராயில் ஒரு தாமான் குடியிருப்பில் 17-ஆம் எண் வீடு. அந்தத் தொழிற்சாலையின் வாசலில் பத்தொன்பது ஆண்டுகளாகக் காவலர். அவருடைய நாற்காலிக்கும் வாசல் தடுப்புக் கம்பத்துக்கும் இடையே பதினோரு எட்டு. பத்தொன்பது ஆண்டுகளில் பணி நேரத்தில் அவர் அதற்கு மேல் நடந்ததாகச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. தடுப்புக் கம்பத்துக்கு மின்சாரப் பொத்தான் வந்த பிறகு அந்தப் பதினோரு எட்டும் மிச்சமாயிற்று.

அப்படிப்பட்டவரிடம் மே 6-ஆம் தேதி நிர்வாகம் ஒரு கடிதத்தைக் கொடுத்தது. காவலர்கள் எல்லோரும் துணைப் போலீசாக மாற்றப்படுவார்கள். புதிய சீருடை, கூடுதல் சம்பளம். ஆனால் அக்டோபர் 8-ஆம் தேதி 2.4 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். முடியாதவர்கள் வெளிக் குத்தகைக்காரரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். குத்தகைக்காரரிடம் காலியாக இருந்தது ஒரே இடம்: பெண்டாங்கில் ஒரு நெல் கிடங்கு. மோட்டார் சைக்கிளில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், சம்பளம் இப்போதையதில் முக்கால் பங்கு.

"நெல்லுக்குக் காவலா?" என்றாள் மனைவி லோகேஸ்வரி. "அத யாரு திருடப் போறா, எலியா? வெடிய நாலு மணிக்கு எந்திரிச்சு எலி வெரட்டப் போறீங்களா? போயி ஓடுங்க."

ஓடுவதற்குக் குழந்தைவேலு அஞ்சவில்லை. பிறர் பார்த்துவிடுவார்களே என்றுதான் அஞ்சினார். அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. பாடாங் செராயில் இருநூறு மீட்டர் தள்ளியுள்ள கடைக்கு ரொட்டி வாங்கவும் மோட்டாரைத்தான் எடுப்பார்கள். அந்த ஊரில் வளர்ந்த மனிதன் ஒருவன் ஓடினால் நாய் துரத்த வேண்டும், போலீஸ் துரத்த வேண்டும், அல்லது வயிறு துரத்த வேண்டும். நான்காவது காரணத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே மே 15-ஆம் தேதி, ஆள் கண்ணில் படாத இடம் என்று அவர் தேர்ந்தெடுத்தது தாமானுக்குப் பின்னால் இருந்த செம்பனை எண்ணெய்மரத் தோட்டம். ஒரு மனிதன் செய்யக்கூடிய தவறுகளில் இது முதல்தரமானது. தோட்டத்தில் ஒருவன் காரணமில்லாமல் ஓட மாட்டான் என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஓடுகிறவனைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் கூடவே ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

குலை வெட்டிக்கொண்டிருந்த சின்னையா முதலில் பார்த்தார். கையிலிருந்த நீளக் கழியை அப்படியே போட்டார்.

"குளவியாண்ணே? குளவியா?"

குழந்தைவேலுவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு சின்னையா ஓடத் தொடங்கினார். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, நாற்பது மீட்டருக்குள் குழந்தைவேலுவை முந்திவிட்டார். அவர் போட்ட கூச்சலில் மேலும் ஆறு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் டிராக்டரை அணைக்காமலே இறங்கி ஓடினார். எட்டுப் பேரும் பெரிய சாலையில் போய் நின்று, சட்டையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குளவிக்காகக் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிடமாகியும் குளவி வரவில்லை. தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர் வந்தார்.

"மொதல்ல பாத்தது யாரு?"

ஏழு பேரும் குழந்தைவேலுவைக் காட்டினார்கள். உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். அவர் சொன்னது இது:

"கொஞ்சம் பெரிய கூடுதாங்க."

அந்தப் பகுதியில் இரண்டு நாள் குலை வெட்டவில்லை. மே 16-இல் பூஜ்யம் விழுந்தது இப்படித்தான். அடுத்த பதினேழு நாளும் அதே பூஜ்யம் என்பதால் தனித்தனியாகக் குறிக்கவில்லை.

ஹெல்மெட் யோசனை ஜூன் 2-ஆம் தேதி, தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. கையில் ஹெல்மெட்டைப் பிடித்தபடி வேகமாக நடந்துபோன ஒருவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்? அவருடைய மோட்டார் எங்கேயோ நின்றுவிட்டது, வேலைக்கு நேரமாகிறது, பாவம், நடக்கிறார். அவ்வளவுதான். ஹெல்மெட்டோடு போகிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும் தகும் என்று குழந்தைவேலு கண்டுபிடித்தார். பத்தொன்பது ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்து சிந்தித்ததில் கிடைத்த ஒரே பலன் இதுவாக இருக்கலாம்.

மறுநாள் காலையிலிருந்து ஹெல்மெட்டோடு ஓடினார். நீளக் கால்சட்டை, வேலைச் சட்டை, 189 ரிங்கிட் சப்பாத்து, இடது கையில் ஹெல்மெட். முகத்தில் மோட்டார் நின்றுபோனவனின் வருத்தம். வருத்தத்தை அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டமே அதைக் கொடுத்தது.

ஊர் நம்பியது. நம்பியதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, மோட்டார் ரோசாக்கா, கெட்டுப்போச்சா? ஏறுங்கண்ணே, கொண்டுபோயி விடுறேன்."

"இல்ல தம்பி, பக்கத்துலதான்."

"என்னாண்ணே, இப்படி வேர்த்து ஊத்துது, பக்கத்துலதான்னு சொல்றீங்க! ஏறுங்க லா!"

மோட்டார் கெட்டுப்போனவன் உதவியை மறுத்தால் சந்தேகம் வருமே. ரொம்பவும் வற்புறுத்தினால் ஏறிக்கொள்வார். ஏழு வாரத்தில் நாற்பத்தொரு பேர் நிறுத்தினார்கள். ஒன்பது பேருடைய பின்சீட்டில் அவர் ஏறினார். இருவர் போத்தலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் பெட்ரோலுமாக ஓடினார். ஜூலை நடுவில் நிறுத்தாமல் ஓட முடிந்தது எண்ணூறு மீட்டர். தேவை இரண்டாயிரத்து நானூறு.

"நீங்க ஓடப் போறீங்களா, சவாரி போறீங்களா?" என்று லோகேஸ்வரி கேட்டாள். "நாலு பேரு சிரிப்பானேன்னு பயந்துகிட்டு பெண்டாங்குல போயி எலியோட குடித்தனம் பண்ணுங்க. நான் வரமாட்டேன்."

இதற்கிடையே ஒருவர் வாய்க்குள் கறுவிக்கொண்டிருந்தார். பழனியாண்டி. பெரிய சாலையில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். குழந்தைவேலுவின் மோட்டாரைப் பதினோரு ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அந்த மோட்டார் தினமும் நடுரோட்டில் நின்றுவிடுகிறது என்பதும் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது. மூன்று வாடிக்கைக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். நான்காமவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "மொதல்ல வேலண்ணன் வண்டிய ஒழுங்கா செஞ்சு குடுங்க. அந்த மனுசன் ஓடியே செத்துருவாரு."

ஜூலை 19 வெள்ளிக்கிழமை. கெடா மாநிலத்தில் வார விடுமுறை நாள். காலையில் ஜபருல்லாவின் உணவுக்கடை நிறைந்திருந்தது. பழனியாண்டி 17-ஆம் எண் வீட்டுக்குப் போனார். குழந்தைவேலு ஓடப் போயிருந்தார், மோட்டார் வாசலில் நின்றிருந்தது. லோகேஸ்வரி ஒரு வார்த்தையும் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள். அவர் அதை ஓட்டிவந்து உணவுக்கடைக்கு எதிரே நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணியோடு காத்திருந்தார்.

எட்டு ஐம்பதுக்குக் குழந்தைவேலு வந்தார். ஹெல்மெட் ஆடியது, வயிறு ஆடியது. கடைக்கு முன்னால் தன் மோட்டார் தாளம் தப்பாமல் உறுமிக்கொண்டு நிற்பதைக் கண்டார். நின்றார்.

"அண்ணே," என்றார் பழனியாண்டி, கடை முழுக்கக் கேட்கும்படி. "இந்த வண்டி யாரோடதுண்ணே?"

"அது வந்து…"

"நம்பர சத்தமா படிங்கண்ணே, எல்லாரும் கேக்கட்டும். ஒரே ஒதையில ஸ்டார்ட் ஆச்சு. அப்ப தெனமும் எந்த வண்டி நிக்குது? உங்களுக்கு எத்தன வண்டி? எங்க கட மானம் போவுதுண்ணே!"

ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. இன்னொரு குளவிக்கூட்டைக் கண்டுபிடிக்கக் குழந்தைவேலுவுக்கு நேரம் இருந்தது. முயன்றும் பார்த்தார். கூடு கிடைக்கவில்லை.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "நான்… ஓடுறேன்."

"எங்க?" என்று கேட்டார் ஜபருல்லா, மாவை வீசியபடி.

"எங்கயும் இல்ல பாய். சும்மா ஓடுறேன்."

"சும்மாவா? யாரு தம்பி சும்மா ஓடுவா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கடிதம், பதினைந்து நிமிடம், பெண்டாங், நெல் கிடங்கு. குளவியை மட்டும் சொல்லவில்லை. சிரிப்பு நான்கு நிமிடம் நீடித்தது. ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஹெல்மெட்டைப் பிடித்தபடி ஓடிக் காட்டினார். இன்னொருவர், "துணைப் போலீசா? திருடன் இவருக்காக நின்னு வெயிட் பண்ணணும்!" என்றார். பெட்ரோல் கொடுத்த இருவரில் ஒருவர் பெட்ரோலைத் திருப்பிக் கேட்டார்.

பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "ஹெல்மெட்ட இங்க வைங்க," என்றார். "இப்ப ஓடுங்க. வெறும் கையோட. எல்லாரும் பாக்கட்டும், என் வேலையில கொற இல்லன்னு."

ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, கடையில் இருந்த இருபத்தாறு பேரும் நடைபாதையில் நின்று கைதட்ட, குழந்தைவேலு ஓடினார். காது சிவந்தது. கால் பின்னியது. ஆனால் யாரும் மோட்டாரை நிறுத்தி ஏறச் சொல்லவில்லை. நிறுத்த ஆளில்லாததால் ஆயிரத்து நூறு மீட்டர் போய்விட்டார்.

மறுநாள் வேடிக்கை பார்க்கப் பதினோரு பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் நான்கு பேர், அதில் இருவர் பஸ்ஸுக்காக நின்றவர்கள். ஆறாம் நாள் யாருமே இல்லை.

இதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டரை மாதம் எந்த ஊரின் கண்ணுக்கு ஒளிந்தாரோ, அந்த ஊர் அவருக்கு ஒதுக்கியது வெறும் ஐந்து நாள். ஏழாம் நாள் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். இருமினார். ஜபருல்லா நிமிர்ந்தார்.

"என்னா தம்பி, தேத்தண்ணியா?"

"இல்ல பாய். ஓடுறேன்."

"ஆ, ஓடு, ஓடு," என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

யாருக்காக வெட்கப்பட்டோம் என்று குழந்தைவேலு அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் தூரம் யோசித்துக்கொண்டே ஓடினார். விடை கிடைக்கவில்லை. ஆனால் யோசித்ததில் மூச்சு வாங்குவதைக் கவனிக்க மறந்திருந்தார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி 2,400 மீட்டரை நிற்காமல் முடித்தார், பதினெட்டு நிமிடத்தில். செப்டம்பர் கடைசியில் பதினைந்தரை. எடை 93 கிலோ.

அக்டோபர் 8 செவ்வாய்க்கிழமை, முப்பத்து நான்கு காவலர்கள் தொழிற்பேட்டைச் சாலையில் ஓடினார்கள். காலை ஷிப்டுக்கு ஆட்கள் வந்து இறங்கும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கடந்தன. சன்னல்தோறும் முகங்கள், முகத்துக்கொரு கைப்பேசி. விக்னேஸ்வரன் என்ற இருபத்தொன்பது வயதுக் காவலர், ஒடிசலான ஆள், பாதி தூரம் வரை எல்லோருக்கும் முன்னால் இருந்தார். மூன்றாவது பஸ்ஸில் தெரிந்த பெண் யாரோ கையசைத்ததும் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, யாரோ எவரோ போல நடக்கத் தொடங்கினார். பஸ் சிக்னலில் நின்றது. அது கிளம்பும்வரை அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"மறையாத தம்பி, ஓடு!" என்று கத்திக்கொண்டே குழந்தைவேலு அவரைக் கடந்தார். "அஞ்சு நாளுதான்! அப்பறம் எவனும் பாக்க மாட்டான்!"

விக்னேஸ்வரனுக்கு இது விளங்கவில்லை. 15 நிமிடம் 6 விநாடியில் வந்து சேர்ந்தார். குழந்தைவேலு எடுத்துக்கொண்டது 14 நிமிடம் 38 விநாடி. முடித்ததும் சாலையோரப் புல்லில் மல்லாந்து படுத்தார். பஸ்களிலிருந்து படம் பிடித்தார்கள். பிடித்துக்கொள்ளட்டும் என்று கிடந்தார்.

முடிவு இரண்டு வாரத்தில் வரும் என்றது நிர்வாகம். அக்டோபர் 22-ஆம் தேதி ஒரு கடிதம் வந்தது: முடிவு பரிசீலனையில் உள்ளது. நவம்பர் 5-ஆம் தேதி இன்னொன்று: அடையாள அட்டையின் நகல் தேவை. பத்தொன்பது ஆண்டுகளாகத் தங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவர்களுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்திருந்தது. லோகேஸ்வரி இரண்டு நகல் எடுத்து அனுப்பினாள். அந்த வாரங்களிலும் குழந்தைவேலு தினமும் காலையில் ஓடினார். யாரும் பார்க்கவில்லை. தேர்ச்சி பெற்றார், கூலிம் வாசலிலேயே துணைப் போலீசாகப் பணியைத் தொடரலாம் என்று இரண்டே வரியில் எழுதி, பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்த கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.