மாமா பாலிஷ் போட்ட ஐந்து ரூபாய்

ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்காக எட்டு வருஷமாக மாமாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால், கேட்கிறவர்கள் என்னைத்தான் அல்பம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் வாடகை வீடு. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். எவர்சில்வர் பாத்திரக் கம்பெனியில் அவருக்குப் பாலிஷ் வேலை. அச்சு கோணலான காசு லட்சக்கணக்கில் போகிறது என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அதே வீடியோக்களை நானும் பார்த்தேன். அவர் விலையை மட்டும் கேட்டார், நான் மீதியையும் கேட்டேன். அதனால் டப்பாவில் இருந்தது முழுக்கக் குப்பை என்று எனக்குத் தெரியும். தீயில் கருகியது, சுத்தியலில் அடிபட்டது, ரயில் ஏறியது. ரயில் ஏறிய காசு அகன்றுபோகும், எழுத்து இழுபட்டுக் கிடக்கும். அச்சடிக்கும்போதே தவறிய காசு அப்படி இருக்காது.

ஊத்துக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் நிஜமாகவே அச்சில் தவறிய காசு ஒன்று எனக்கு வந்தது. ஐந்து என்ற எண் ஓரத்துக்கு ஒதுங்கி, எதிர் ஓரத்தில் வெட்டிப்போட்ட நகம் போல வெறும் தகடு. இருந்த எழுத்தெல்லாம் கூர்மை. ஒரு கீறல் இல்லை. பாரிமுனையில் இந்த மாதிரிக் காசு வாங்குகிறவர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று மாமா அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ரயிலில் அவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தபோது அது கண்ணாடி போல மின்னியது. கம்பெனி மிஷினில் கொடுத்துப் பாலிஷ் போட்டிருக்கிறார். மின்னாத பாத்திரத்தைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் வேலை பார்க்கிறவர். அவருக்குத் தெரிந்த நல்ல பொருள் அதுதான்.

"மங்கலா இருந்தா எவன் வாங்குவான்? இப்ப பாரு, மூஞ்சி தெரியுது" என்றார்.

பாரிமுனைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அச்சு விலகியது நிஜம்தான், தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் நல்ல விலை போயிருக்கும், இனி இது சேதமான காசு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொன்னேரி வரும்வரை நான் அழுதேன். மாமா வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திறந்தார்.

"உம் பொண்ணு தண்டவாளத்துல வெச்சி நசுக்கிக்கினு வந்து ஏமாத்திக்கீறா, அக்கா. அந்தாளு முன்னாடி என் மானமே பூட்ச்சி."

எனக்குத் தலைக்கேறியது. காசைப் பிடுங்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். எழுத்து இழுபடவில்லை பார், தேய்த்துக் கெடுத்தது மாமாதான் என்று கத்தினேன். அம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமாவின் நகங்களில் அப்பியிருந்த கறுப்புப் பாலிஷைப் பார்த்தாள். பிறகு என்னை அறைந்தாள்.

"பெரியவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லுவியா? மாமா கால்ல வுழு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா நிமிரவே இல்லை. எனக்கு வாய்த்த அப்பாவைப் பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தேன். எழுந்ததும் மாமா அந்தக் காசையே அம்மாவிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டி, ஷாம்பு வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை, கல்லாவில் போட்டார்.

அம்மா என் பேச்சை நம்பவில்லை என்று வருஷக்கணக்காகக் குமுறினேன். அப்பாவின் கம்பெனி மூடி ஏழு மாதமாக அவர் வீட்டில் இருந்தது தெரியும். அந்த ஏழு மாதமும் அரிசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. வாடகை, கேஸ், என் ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே மாமாவின் சம்பளத்தில்தான் போயிருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கியிருந்தால், மறுமாதம் நாங்களும் தூக்க வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை, இன்னும் ஏறித்தான் இருக்கிறது.

அம்மா என் பேச்சை நம்பிவிட்டுத்தான் என்னை அடித்திருக்கிறாள்.