ஏரிக்கரை வீட்டில் இரண்டு பேர்

பொன்னுரங்கம் வாயிலிருந்து ‘இடமில்லை’ என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் இருபத்தாறு வருஷமாகக் கண்டக்டர். படியில் பத்துப் பேர் தொங்கினாலும், “உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்குது” என்று இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொண்டுதான் ரெட்டை விசில் கொடுப்பார். புதுச்சத்திரத்தில் கூடையோடு நிற்கும் மீன்காரம்மாவை விட்டுவிட்டு வந்தால் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட நல்லவரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமா? அது அவர் மனைவி அமராவதிக்குத்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் அமராவதி ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். மலை மேலே பேசும்போது வாயிலிருந்து புகை வருமாமே, அதைப் பார்க்கணும். அடுத்த வருஷம் போகலாம் என்றார். அந்த அடுத்த வருஷம் 2009 புரட்டாசியில்தான் வந்தது.

தினமும் அவர் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகும் ஞானசேகரன் சார் சொன்ன சேதி அது. கொடைக்கானல் ஏரிக்கரையில் அவருக்குத் தெரிந்தவர் வீடு ஒன்றை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மாடியில் ரெண்டு பேருக்கு ஓர் அறை, பக்கத்திலேயே சின்ன அடுப்படி. கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்கலாம். பொங்கல் கழிந்து மூன்று நாள் வேண்டும் என்று பொன்னுரங்கம் அங்கேயே சொல்லிவைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் உடம்புதான் பஸ்ஸில் இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் முகத்தில் பிசுபிசுக்கும் உப்புக்காற்று அவருக்கு மட்டும் சில்லென்று இருந்தது. மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றால், அதன் மேல் பனி இறங்குவதாக நினைத்துக்கொண்டு சில்லறை கொடுக்க மறந்தார்.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் இரண்டு பேருக்கும் இதே பேச்சு.

“ஜன்னல் எந்தப் பக்கம்?” என்பாள் அமராவதி.

“கெழக்கால.”

“அப்ப விடிஞ்சதும் வெயில் தண்ணியில விழும்.”

“பனி வெலகுனாத்தான் விழும்.”

“வெலகலன்னா?”

“போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்.”

நேற்றும் இதையேதான் கேட்டாள், அவரும் இதையேதான் சொன்னார். அலுக்கவில்லை. அங்கே போய் என்னதான் செய்வோம் என்று ஒருநாள் அவர் கேட்டார்.

“ஒண்ணும் செய்யக் கூடாது. ஆளுக்கொரு டீய வச்சிக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கணும்,” என்றவள் நாற்பத்தைந்து வயதில் வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வினை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தது. தங்கை லோகநாயகியின் வீட்டுக்காரர் கலியமூர்த்தி போன் செய்தார்.

“என்னா மச்சான், கொடைக்கானலாமே! நாங்களும் வரலாமா?”

“வாங்க வாங்க, எடம் கெடக்குது!”

பொன்னுரங்கம் யோசிக்கவே இல்லை. வாய் பழக்கத்தில் ஏற்றிவிட்டது. அந்த வீட்டில் கீழ் அறைகளும் காலிதானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. மறுநாள் அவர் பஸ் டிரைவர் கார்த்திகேசன் குடும்பத்தோடு ஏறினார். அதற்கடுத்து எதிர்வீட்டுக்காரர்கள். இரண்டே வாரத்தில் பதினோரு பேர், ஒரு வேன். கீழே குளிர் ஒத்துக்காது என்று லோகநாயகி மாடி அறையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அமராவதி பரணிலிருந்து பெரிய இட்லிப் பானையை இறக்கித் தேய்த்துக் கோணியில் கட்டி வைத்தாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். அது அவருக்கு நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது.

“என்னா, ஏரியப் பத்தியே பேச மாட்டேங்கற?”

“நீங்கள்லாம் போயிட்டு வாங்க. பதினோரு பேருக்கு இட்லி ஊத்த நான் எதுக்கு மலையேறணும்? இங்கயே இருந்துக்கறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவர், இவளை மட்டும் இத்தனை வருஷமாக ஸ்டாப்பிங்கிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

மறுநாள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும் நேரம். கலியமூர்த்தி மறுபடி போனில் வந்தார்.

“மச்சான், எங்க அம்மாவும் வர்றேங்குது. ஒரு ஆளுதான்.”

பொன்னுரங்கம் வாயருகே கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார்.

“எடமில்ல மச்சான்.”

“அட, வேன்ல ஒரு ஓரமா…”

“வேனே இல்ல. நானும் அமராவதியும் ரெண்டே பேருதான் போறோம். ஒங்களுக்கும் எடமில்ல. கோச்சிக்காதீங்க.”

டிரைவர் சீட்டிலிருந்து கார்த்திகேசன் திரும்பிப் பார்த்தார்.

“ஒனக்குந்தான் கார்த்தி,” என்று சொல்லிவிட்டு ரெட்டை விசில் கொடுத்தார். கடலூர் வரைக்கும் கார்த்திகேசன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். அமராவதி அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

“லோகா கோச்சிக்கிட்டாளா?”

“எனக்கு அண்ணனே இல்லன்னுட்டா.”

“பாவம்,” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு கோணியை அவிழ்த்து இட்லிப் பானையை எடுத்துப் பரணில் ஏற்றினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, அந்த ஜன்னல் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”