பக்கத்து வீட்டுச் சரிவு

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மேல் எனக்கிருந்தது பொறாமை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தெரியாதவளிடம் மூன்றரை வயது மகளைத் தினமும் காலையில் விட்டுவிட்டு மங்கரேக்கு ஏன் வேலைக்குப் போகிறாய் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அவள் எங்கள் தெருவின் சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். சிவந்த முகம், ஆண்பிள்ளைச் சிரிப்பு, வருடம் முழுக்க அரைக்காற்சட்டை. கல்யாணத்துக்கு முன் பனிமலை ஒன்றில் குழந்தைகளுக்குச் சறுக்கப் பழக்கியவளாம். அந்த வித்தையைச் சும்மா விட அவளுக்கு மனமில்லை. குளிர்காலம் தொடங்கியதும் பின்வளவுச் சரிவில் ஒரு பழைய கம்பளத்தைக் குப்புற விரித்தாள், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி நனைத்தாள், பிள்ளைகளின் ரப்பர் பூட்ஸில் குட்டையான பிளாஸ்டிக் சறுக்குக்கட்டைகளை வார்போட்டு இறுக்கினாள். கட்டைகளின் முன்முனைகள் விலகாதபடி சின்னக் கயிறு ஒன்றால் சேர்த்துக் கட்டிவிடுவாள். குதிகால்களை அகட்டி வைத்தால் வேகம் தானாகக் குறையும். ஒரு நாளுக்குள் என் மகளுக்கு அது பிடிபட்டுவிட்டது.

எனக்குப் பிடிபடாதது அவள் பழக்கிய விதம். எந்தப் பிள்ளையின் கையையும் அவள் பிடிக்கமாட்டாள். இரண்டு கைகளையும் விரித்தபடி பின்நடையாகப் போய், வா வா என்று கூப்பிடுவாள். பிள்ளை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் இன்னும் ஓரடி பின்னே போவாள். இப்படியும் ஒரு ஏமாற்றா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எனக்கு வயிறு எரியும். நான் என் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காதவள். சோற்றைக் குழைத்து வாயில் வைத்தால்தான் அவள் சாப்பிடுவாள். கடைக்குப் போனால் என் சட்டையின் நுனி அவள் கையில் இருக்கும்.

அப்படிப்பட்டவள் இப்போது வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் பக்கத்து வீட்டுப் புராணம். "அவா இப்பிடித்தான் குனிஞ்சவா. அவா சொன்னவா, முழங்காலை மடக்கோணுமாம்." முட்டை பொரித்துக் கொடுத்தால் அவா பொரிக்கிற மாதிரி இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று அந்த முட்டையை நானே சாப்பிட்டேன்.

ஒரு நாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. எனக்கு அன்று லீவு. பனிக் காற்று காதுக்குள் போனால் பிள்ளை படுத்துவிடும் என்று கம்பளித் தொப்பியைப் போட்டு, அதற்கு மேல் மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி, நாடிக்குக் கீழே இறுக்கி முடிந்து அனுப்பினேன். பிறகு வேலியோரம் துணி காயப்போடுகிற பாவனையில் நின்றேன்.

மகள் சரிவின் உச்சியில் நின்றாள். கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். மகள் அசையவில்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அப்போதும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் பிள்ளை யாருடைய தாளத்துக்கும் ஆடாது, இப்போதாவது தெரிந்ததா என்று ஈரச் சேலையை உதறி உதறிக் கொடியில் போட்டேன்.

அவள் மேலே ஏறி வந்தாள். மப்ளரின் முடிச்சை அவிழ்த்தாள், தொப்பியைக் காதுக்கு மேலே சுருட்டிவிட்டாள், கீழே போய் மறுபடி கூப்பிட்டாள். மகள் கூவிக்கொண்டு சறுக்கிப் போனாள். என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். அவள் மப்ளரை நாலாக மடித்து வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டி, நல்ல கம்பளி என்று பாராட்டினாள். பாராட்டியதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

மாலையில் கணவரிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒக்லாந்துக் குளிருக்கு ஆரப்பா காதைக் கட்டுறது?"

"அவள் என்ர பிள்ளையை என்னட்ட இருந்து பிரிக்கிறாள். உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"பிள்ளை சந்தோசமா இருக்கிறாள் தானே. உமக்கு என்ன பிரச்சினை?"

பிள்ளை சந்தோஷமாக இருந்ததுதான் பிரச்சினை. அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது?

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ருவாபெகு மலைக்குப் புறப்பட்டார்கள். நீங்களும் வாருங்கள் என்றார்கள். நான் உடனே சரி என்றதில் கணவருக்கு ஆச்சரியம். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கம்பளம் வேறு, மலை வேறு. நிஜப் பனியைக் கண்டதும் பிள்ளை பயந்து அழுவாள், அழுதால் என்னிடம்தான் ஓடிவருவாள். அந்த ஓட்டத்தை அந்தப் பெண் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகவே காரில் அத்தனை மணிநேரம் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மலை நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. எங்கு பார்த்தாலும் கண் கூசும் வெள்ளை. கணவரின் காற்சட்டைக்குள் நுழைந்து, சந்தையில் வாங்கிய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற சப்பாத்தோடு நின்றேன். எனக்கே பயமாக இருந்தது. பிள்ளைக்கு இல்லாமலா போகும்?

சின்னப் பிள்ளைகளுக்கென்று ஓரமாக ஒரு தாழ்ந்த சரிவு இருந்தது. அவள் மகளை அதன் மேலே கொண்டுபோய் நிறுத்தி, பின்நடையாகக் கீழே வந்து கைகளை விரித்தாள். மகள் புறப்படவில்லை. கீழுதடு உள்ளே மடிந்தது. அந்த உதட்டை எனக்குத் தெரியும். அழுகைக்கு முன்னால் வருவது.

நான் ஒரே ஓட்டமாக மேலே ஏறினேன். ஓட்டம் என்றால் இரண்டு தடவை வழுக்கினேன், ஒரு சப்பாத்துக்குள் பனி நிறைந்தது. அவளைத் தாண்டிப் போய், அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் குந்தி, என் கைகளை விரித்தேன்.

"வாங்கோ குஞ்சு. அம்மாட்ட வாங்கோ."

பின்னால் பனி நெரிபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அவள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டிருந்தாள். வென்றுவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

மகள் என்னைப் பார்த்தாள். மடிந்த உதட்டை வெளியே விட்டாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ. வழியில நிக்கிறீங்கள்."

அது அழுகை இல்லை. யோசனை. எந்த இடத்தில் முழங்காலை மடக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவசரமாக எழும்பப் பார்த்து, பக்கவாட்டில் சரிந்து, பனியில் தொப்பென்று உட்கார்ந்தேன். மகள் குதிகால்களை அகட்டி, முழங்காலில் கைகளை ஊன்றி, என் கோட்டை உரசாத குறையாகச் சறுக்கிப் போனாள். அந்தப் பெண்ணையும் தாண்டிப் போனாள். சமதரையில் தானாக நின்றாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று மலையை மட்டும் பார்த்தாள்.

அந்தப் பெண் கைதட்டினாள். நான் ஈரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அத்தனை நாளும் அவள்மேல் எரிந்த வயிறு இப்போதும் எரிந்தது, ஆனால் அவளைப் பார்த்து இல்லை. ஊரிலும் சரி, இங்கேயும் சரி, யாரும் முன்னால் போகாமல் நான் ஒரு தெருவைக்கூடக் கடந்ததில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

மகள் கட்டைகளைப் பக்கவாட்டில் வைத்து, நண்டு மாதிரி ஒவ்வோர் அடியாக மேலே ஏறி வந்தாள். என்னருகே வந்ததும் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றாள்.

"அம்மாவுக்கும் பழக்கித் தருவீங்களோ?" என்று கேட்டேன்.

என் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இதோட ஏலாதம்மா," என்றுவிட்டு மேலே ஏறத் தொடங்கினாள்.